குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் டாக்டர், எங்கே, எப்படி?

வாசகர் கடிதம்: “எனக்கு வயது 43. செந்தூலில் குடும்பத்தோடு இருக்கிறேன், லோரி ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்ததும் தினமும் விஸ்கி அரை போத்தல். காலையில் கை நடுங்கும். ஒரு மூடி ஊற்றிக்கொண்டால்தான் நிற்கும். மூன்று தடவை விட்டுப் பார்த்தேன், பத்து நாளைத் தாண்டவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று தெரிந்து, ஆதரவுக் குழு ஒன்றில் சேரும்படி டாக்டர் சொன்னார். தேடினால் தேவாலய முகவரியாக வருகிறது. மதம் மாறச் சொல்வார்களா? பெயரைப் பதிந்து வைப்பார்களா, முதலாளி காதுக்குப் போகுமா? என் ஆங்கிலம் சுமார். எழுந்து பேசச் சொன்னால் என்ன செய்வது? மனைவியும் கூட வரலாமா?” (கோலாலம்பூர் வாசகர்)

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் காலை நடுக்கத்தை முதலில் கவனிக்க வேண்டும். உடம்பு மதுவுக்குப் பழகிப்போனதன் அடையாளம் அது. இந்த நிலையில் இருப்பவர், “இன்றோடு சரி” என்று வீட்டில் போத்தலை உடைத்துவிட்டுப் படுப்பது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் வந்து, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற அந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். விட்டு விட்டுத் திரும்பத் தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்த அவதி முந்தியதைவிடக் கடுமையாக வருவதுண்டு. மூன்று முறை விட்டேன் என்கிறீர்கள். அப்போது வலிப்பு வந்ததா, பேச்சு குழறியதா என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு நினைவில் இருக்காது, பார்த்தவர்களுக்கு இருக்கும்.

ஆகவே முதல் படி உங்கள் வட்டார அரசாங்கக் கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). நிபுணரிடம் அனுப்பினால் 5 வெள்ளி. கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். “இரண்டு பெக் போடுவேன் டாக்டர்” என்று நீங்கள் சொன்னால், இரண்டு பெக் போடுகிறவருக்கு உரிய மருந்துதான் கிடைக்கும். தினமும் 350 மில்லி, கடைசியாகக் குடித்த நேரம், காலையில் ஊற்றிக்கொள்வது, முன்பு வலிப்பு வந்ததா என்பது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடுக்கத்தை அடக்கச் சில நாளைக்கு டயஸிபாம் வகை மாத்திரையை அளவு குறைத்துக்கொண்டே தருவார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 தருவார்கள். நிலைமையைப் பார்த்து வார்டில் சேரச் சொன்னால் மறுக்காதீர்கள்.

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டிரிப் ஏற்றிக்கொண்டால் தெளிந்துவிடும் என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நெடுநாள் குடித்தவர்களுக்குத் தயமின் கையிருப்பு வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். டிரிப் போடுபவரிடம் எவ்வளவு குடிப்பவர் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மாத்திரை எடுக்கும் அந்த வாரம் லோரியைத் தொடாதீர்கள், எம்.சி. எடுங்கள். வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால் 18, ஐந்து ஆண்டு என்றால் 22. மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரை. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அரை போத்தல் விஸ்கியில் சுத்த மது ஏறக்குறைய 110 கிராம். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். இரவு 8 மணிக்கு ஆரம்பித்தால் காலை 6 மணிக்கு இன்னும் 10 முதல் 40 கிராம் உள்ளே இருக்கலாம், அதன்மேல் காலை மூடி வேறு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். இதுவரை மாட்டாமல் இருப்பது அதிர்ஷ்டம்தான்.

இனி கூட்டம். டாக்டர் சொன்னது பெரும்பாலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியிலிருந்து மீளத் துடித்த இருவர் தொடங்கியது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கட்டணம் இல்லை, படிவம் இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. மருத்துவமனை, போலீஸ், போதைத் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே. எதோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. முதலாளிக்குத் தகவல் போக வேண்டுமானால் முதலில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலே இல்லை. உங்கள் பெயரைக்கூட மாற்றிச் சொல்லலாம், யாரும் தோண்ட மாட்டார்கள்.

கிளை முகவரிகளைத் தேடும்போது பழைய பக்கங்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டங்கள் இடம் மாறும், பொது விடுமுறையில் மூடும், சில குழுக்கள் கலைந்தே போயிருக்கும். மலேசிய ஏ.ஏ.வின் இணையப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு அதே வாரத்தில் வாட்ஸ்அப் அனுப்புங்கள். என்ன எழுதுவது என்று தயங்குவீர்கள் என்பதால் இதோ: “வணக்கம். குடியை நிறுத்த விரும்புகிறேன். செந்தூல் பக்கம் இருக்கிறேன். தமிழில் பேசக்கூடிய கூட்டம் உண்டா? இந்த வாரம் எந்த நாள், எத்தனை மணி? புதியவர் வரலாமா? எந்த வாசல் வழியாக, எந்த அறைக்கு வர வேண்டும்?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் பெயர்ப்பலகை இருக்காது. இருட்டில் வளாகத்தைச் சுற்றிவிட்டு, யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் நிறைய. முடிந்தால், வாசலில் வந்து அழைத்துப்போக முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் வந்து நிற்பார். புதியவர்களைக் கூட்டிப்போவது அவர்களுக்கே நல்லது என்று நினைக்கிற அமைப்பு அது.

எந்த இடத்துக் கூட்டம் என்பதையும் யோசியுங்கள். பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க்காரர்கள் கிடைப்பார்கள் என்பது வசதி; தெரு முனையில் சித்தப்பா மகன் எதிரே வந்துவிடலாம் என்பது தொந்தரவு. அந்தப் பயம் பெரிதாக இருந்தால் செந்தூல் தீமோரில் எல்.ஆர்.டி. ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, பெட்டாலிங் ஜெயா பக்கம் போங்கள். தெரிந்தவர் யாராவது கூட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். எதுவானாலும் முதல் சில மாதம் ரயிலில் போவதே நல்லது. வண்டி கையில் இருந்தால் திரும்பும் வழியில் கடை வாசலில் தானாக நிற்கும்.

தேவாலயம் என்கிறீர்கள். வார நாளில் மாலையில் காலியாக இருக்கும் அறை, குறைந்த வாடகை, கழிப்பறை, நிறுத்துமிடம் இவையெல்லாம் ஒன்றாகக் கிடைப்பது நகரில் பெரும்பாலும் தேவாலயங்களில்தான். அதற்கு மேல் உறவில்லை. ஆனால் கடவுள் பேச்சே இருக்காது என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ‘நாம் அறிந்துகொண்ட வகையில்’ என்ற சொற்களோடு வருகிறார். ஒருவருக்கு அது பத்துமலை முருகன், இன்னொருவருக்குக் குலதெய்வம், எதையும் நம்பாதவருக்கு அந்த அறையில் இருக்கும் ஆட்கள். முடிவில் எல்லோரும் எழுந்து நின்று அமைதி வேண்டி ஒரு சிறு பிரார்த்தனை சொல்வார்கள். வாயைத் திறக்காமல் நிற்கலாம். யாராவது ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிட்டால் அது அவருடைய சொந்த வேலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அதே கூட்டத்துக்கு வாருங்கள். சாமி சம்பந்தமே பிடிக்காதவர்களுக்கு, 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற வேறொரு அமைப்பு உண்டு. எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி முறையில் நடப்பது, இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும். உங்கள் ஆங்கிலத்துக்கு அது சிரமமாக இருக்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். காப்பி, பிஸ்கட் இருக்கும். நடத்துகிறவர் ஒரு முகவுரை வாசிப்பார், படிகளை வாசிப்பார்கள், பிறகு “முதல் தடவை வந்தவர் யாராவது உண்டா?” என்று கேட்பார். கை தூக்கிப் பெயரை மட்டும் சொன்னால் போதும், தூக்காமலும் இருக்கலாம். பிறகு ஒவ்வொருவராகச் சில நிமிடம் தன் கதையைச் சொல்வார். இடையில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. நம் வீடுகளில் ஆளுக்கொரு புத்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் முதலில் விசித்திரமாக இருக்கும். உங்கள் முறை வந்தால் “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லுங்கள், அடுத்தவரிடம் போய்விடும். ஆங்கிலக் கூட்டமாக இருந்தாலும் தமிழில் இரண்டு வாக்கியம் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும். அறை வாடகைக்கும் காப்பிக்கும் உள்ள பணம் அது. புதியவர் போட வேண்டியதில்லை, விரும்பினால் இரண்டு வெள்ளி போடலாம். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குடித்துவிட்டுப் போனாலும் துரத்த மாட்டார்கள், அன்றைக்குப் பேசாமல் கேட்கச் சொல்வார்கள்.

முடிந்ததும் முதல் ஆளாகக் கதவைத் திறந்து ஓடிவிடத் தோன்றும். அங்கேதான் பலருக்குக் காரியம் கெடுகிறது. என் கணிப்பில், கூட்டத்தில் கேட்ட கதைகளைவிட அது கலைந்த பிறகு பத்து நிமிடம் நின்று வாங்கும் தொலைபேசி எண்தான் பெரிய பயன். குடிக்கத் தோன்றுவது கூட்டம் நடக்கும் நேரத்தில் அந்த அறையில் வராது. சம்பள நாளில், டெப்போ வாசலில், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும்போது வரும். அந்த வேகம் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தைப் பேசிக் கழிக்க ஓர் ஆள் வேண்டும், அதுவும் “சும்மா இரு, சரியாயிடும்” என்று சொல்லாத ஆள். முதல் கூட்டத்தில் இரண்டு ஆண்களிடம் எண் வாங்குங்கள். மறுநாளே, எந்த அவசரமும் இல்லாதபோதே, “நேற்று வந்த செந்தூல்காரன்” என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். சும்மா இருக்கும்போது கூப்பிட்டுப் பழகாத எண்ணை, கை நடுங்கும்போது யாரும் அழுத்துவதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளச் சொல்வார்கள். படிகளைக் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராகவும், உங்கள் மொழியில் திட்டக்கூடியவராகவும் பாருங்கள். பணம் கடன் கேட்பவர், இன்சூரன்ஸோ நேரடி விற்பனைப் பொருளோ தலையில் கட்டுபவர், “டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் நிறுத்து, அதுவும் போதைதான்” என்பவர் ஸ்பான்சராக வேண்டாம். கடைசி ஆள் மிகவும் ஆபத்தானவர். மருந்தைப் பற்றி உறுப்பினர்கள் வைத்தியம் பேசக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலைப்பாடு.

முதல் கூட்டத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு குழுவில் எல்லோரும் ஓய்வு பெற்ற ஆபீஸ்காரர்களாக இருப்பார்கள், இன்னொன்றில் வெளிநாட்டவர்கள், வேறொன்றில் உங்களைப் போல ஷிஃப்ட் வேலை செய்பவர்கள். இரண்டு மூன்று வெவ்வேறு குழுவாவது பார்த்துவிட்டு ஒன்றில் நிலைத்து நில்லுங்கள். “அவனைப் போல நான் வேலையை இழக்கவில்லை, ஜெயிலுக்குப் போகவில்லை” என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு எப்போதும் குடிக்குச் சாதகமாகத்தான் முடியும். 90 நாளில் 90 கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். லோரிக்காரருக்கு அது நடக்காது. வாரம் இரண்டு நேரில், மீதி நாளில் இணையத்தில் என்று வையுங்கள்.

தமிழுக்கு இணையம் நல்ல வழி. தமிழ்நாட்டில் தமிழில் நடக்கும் ஏ.ஏ. குழுக்கள் ஏராளம், ஸூமிலும் நடக்கின்றன. அவர்கள் நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே மாலை 7.30 என்றால் இங்கே இரவு 10. நுழைவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: உங்கள் கணக்கிலுள்ள முழுப் பெயர் திரையில் அப்படியே வரும், அதை முதல் பெயராக மாற்றுங்கள். கேமராவை மூடலாம். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும், அதனால் புகைப்படத்தில் பிள்ளைகளோ கம்பெனிச் சட்டையோ இருக்க வேண்டாம். லோரி ஓட்டிக்கொண்டே கேட்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மறுஆய்வு, 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. திட்டமிட்டு ஏ.ஏ.வில் ஈடுபடுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது. ஈடுபடுவது என்றால் நாற்காலியில் உட்காருவது மட்டுமல்ல. நாற்காலி அடுக்குவது, காப்பி கலக்குவது போன்ற வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; வேலை கையில் இருந்தால் அடுத்த வாரம் போகாமல் இருக்க முடியாது. இதோடு, குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளில் எது உங்கள் கல்லீரலுக்குப் பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்தும் கூட்டமும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

நம் ஊர் நாள்காட்டியில் சில தேதிகளை இப்போதே வட்டமிடுங்கள். ஆடி மாதத்தில் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் படையல் போடும் இடங்களில் சாராயம் வைத்துப் பிறகு பிரசாதமாகச் சுற்றுவார்கள். சாமி கொடுத்ததை மறுக்கலாமா என்று உறவினர் மடக்குவார். “மாத்திரை எடுக்கிறேன், டாக்டர் தடுத்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டுத் திருநீறு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இழவு வீட்டில் இரவு முழுக்க உட்காருவது, கல்யாண டின்னரின் கடைசி மேசை, தீபாவளி மாலை, இவையும் அப்படித்தான். கையில் எப்போதும் நிறைந்த சிராப் கிளாஸ் இருக்கட்டும். காலிக் கிளாஸைத்தான் பார்த்து ஊற்ற வருவார்கள். முதல் மூன்று மாதத்தில் போகாமல் தவிர்க்கக்கூடியதைத் தவிர்த்துவிடுங்கள். பசி, கோபம், தனிமை, தூக்கமின்மை நான்கில் இரண்டு சேர்ந்திருக்கும் நாளில் விருந்துக்குப் போகவே வேண்டாம். சறுக்கிவிட்டால் அதே வாரம் கூட்டத்துக்குப் போய் அதைச் சொல்லுங்கள். “மறுபடி பத்து நாள் சுத்தமாக இருந்துவிட்டுப் போகலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் திரும்பி வருவதில்லை.

மனைவி விஷயம். ‘திறந்த கூட்டம்’ என்று அறிவித்திருந்தால் அவர் வந்து உட்காரலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். முதல் தடவை வாசல்வரை வரட்டும், பிறகு நீங்கள் தனியாகப் போவதே மேல். அவர் பக்கத்தில் இருந்தால் நீங்கள் பேசுவது அவருக்காகத்தான் இருக்கும். அவருக்கென்று அல்-அனான் என்ற குடும்பத்தார் அமைப்பு 1951 முதல் இருக்கிறது, ஏ.ஏ.விடமே கேட்டால் வழி சொல்வார்கள். போத்தலில் பென்சிலால் கோடு போட்டு அளப்பது, சட்டைப்பையைச் சோதிப்பது இவற்றையெல்லாம் அவர் விட்டுவிடலாம். ஆனால் ஒன்றை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று யாராவது ஒரு மாத்திரையைக் காட்டினால் வாங்கக் கூடாது. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் பார்வையில் எடுப்பவர்களுக்கு மட்டுமே உரிய மருந்து.

மனம் தாங்காத இரவுகளில் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 இரண்டையும் இருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். வலிப்பு, இல்லாததைக் காண்பது, ரத்த வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 999. கிளினிக்குக்கு நாளைக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துப் போங்கள். கூட்டத்துக்கு வாட்ஸ்அப் இன்று இரவே அனுப்பலாம், அதற்குக் குடியை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.